ஏழு பெட்டிகள்

ஒசுர்கெத்தி மகப்பேறு மருத்துவமனை, அதிகாலை இரண்டே கால்.
வெளியே மழை. இந்த ஊரில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.
பகலில் நான்தான் சர்வரை அப்கிரேட் செய்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு பேக்கேஜ்,
கேட்டதற்கெல்லாம் ஆம், ஆம், ஆம் என்று
பந்தியில் பாதித் தூக்கத்தில் தலையாட்டுகிறவன் போல.

சியாலா போனில் கத்தவில்லை.
'இரண்டு பெண் குழந்தை. இரண்டு கைப்பட்டை.
இரண்டிலும் ஏழேழு பெட்டி. வா.'

வந்தேன். சாக்ஸ் நனைந்திருந்தது.
அம்மாவின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
ஏழு வெற்றுக் கட்டங்கள்,
யாரும் குடிவராத அடுக்ககத்தின் ஜன்னல்கள்.
ஒருத்தி மக்வாலாவின் மகள், ஒருத்தி லம்சீராவின் மகள்.
எங்கள் எழுத்தில் இரண்டு பெயருக்கும் ஏழே எழுத்து.
அச்சுப்பொறிக்கு இருவரும் ஒருத்தியே.

ஒரு பட்டையின் ஓரத்தில் மட்டும்
பால்பாயிண்டால் ஒரு புள்ளி வைத்திருந்தாள் சியாலா.
'புள்ளி யாருடையது என்று எனக்குத் தெரியும்' என்றாள்.
'ஆறு மணிக்கு என் ஷிப்ட் முடிகிறது.'

முதலில் எழுத்துருவைச் சந்தேகித்தேன்.
பட்டியல் கேட்டேன்: இருக்கிறது.
கேஷைத் துடைத்து மறுபடி கட்டினேன்: பெட்டி.
அச்சுப்பொறியை அணைத்து, பத்து எண்ணி, போட்டேன்.
இது எதையும் சரிசெய்யாது,
ஆனாலும் செய்யாமல் இருக்க முடியாது.
பெட்டி.
பழையதற்கே திரும்பலாம் என்றால்
கூடவே நாற்பது பேக்கேஜ் பின்வாங்குமாம்,
ரத்தப் பரிசோதனைக் கூடமும் அதில் சேர்த்தி.

பிறகுதான் கண்ணில் பட்டது.
எடை தெளிவாய் இருக்கிறது. அறை எண், பிறந்த நேரம்,
டாக்டரின் நீளமான பெயர்கூடத் தெளிவாய்.
பெற்றவள் பெயர் மட்டும் பெட்டி.

திரையில் பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன்.
பெட்டிக்குள் எறும்பளவில் ஏதோ.
மேல்வரி ஒன்று, சீ. கீழ்வரி ஒன்பது, பீ.
மற்றப் பட்டையில் ஒன்பது, ஏ.
அடுத்தடுத்த கதவு எண்கள்.
உள்ளே இருவரும் தனித்தனியாகத்தான் இருந்தார்கள்.

எங்கள் எழுத்தில் சிறியது பெரியது கிடையாது.
ஊர்ப்பெயரும் உப்பும் ஒரே உயரத்தில் தொடங்கும்.
செய்தித்தாளில் தலைப்பு முழுவதையும் எக்கி நிற்க வைப்பார்கள், அவ்வளவுதான்.
எக்கி நிற்கும் அந்த உருவங்களுக்கு
சில வருடம் முன்பு எங்கோ ஓர் அட்டவணையில்
தனி எண்கள் கொடுத்திருக்கிறார்கள்.
நேற்று அந்தச் செய்தி என் சர்வருக்கு வந்து சேர்ந்தது.
எழுத்துருவுக்கு வந்து சேரவில்லை.

பட்டையின் வார்ப்புருவைத் திறந்தேன்.
பதினேழாம் வரி: பெயரைப் பெரிய எழுத்தாக்கு.
வேறேதோ நாட்டு மருத்துவமனையிலிருந்து நகலெடுத்தபோது
ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.
ஒன்பது வருடமாக ஒவ்வொரு பிரசவத்துக்கும்
அந்த வரி ஆணையிட்டது.
பெரிதாக்க எதுவும் இல்லாததால்
ஒன்பது வருடமாக யாரும் செவிசாய்க்கவில்லை.
இன்றிரவு காது முளைத்துவிட்டது.

அழித்தேன். அச்சுப்பொறி முனகியது.
மக்வாலா.
முட்புதரில் பழுக்கும் கருநிறப் பழத்தின் பெயர்.
லம்சீரா.
சியாலா இரண்டையும் விளக்கடியில் பிடித்து
வாய்விட்டு எழுத்துக்கூட்டினாள்.
புள்ளிக்காரியிடம் முதலில் போனாள்.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தாள்.
'அந்த எக்கி நிற்கிறது பார்க்க எப்படி இருக்கும்?'
புதிய எழுத்துருவை இறக்கி அவள் பெயரைத் தட்டினேன்.
ஐந்து எழுத்தும் கோட்டின்மேல் தோளோடு தோள்,
ஒரு வால்கூடக் கீழே தொங்காமல்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.
'கூப்பிட்டால் திரும்புகிறவளை
எதற்கு அதட்டுகிறது?' என்றாள்.

உள்ளே ஒருத்தி அழத் தொடங்கினாள்.
எந்த ஒருத்தி என்று
பட்டை பார்க்காமலே சியாலாவுக்குத் தெரிந்தது.
எனக்குத் தெரியவில்லை.